‘மெல்லக் கற்போர்’ என்று எழுதுவதற்கு முன்: பேர்ணாம்பட்டுப் பக்கத்து வகுப்பறை ஒன்று

வேலூர் மாவட்டத்துப் பேர்ணாம்பட்டில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் மூன்று மொழிகள் காதில் விழும். தோல் தொழிற்சாலை வாசலில் தக்கினி உருது, காய்கறிக் கடையில் தமிழ், ஆந்திர எல்லைப் பக்கக் கிராமங்களிலிருந்து வருபவர்களிடம் தெலுங்கு. இது புதிதல்ல. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமானது, ஆனால் வீட்டுக்குள் பேசும் மொழி எல்லைக்கோட்டைப் பார்த்து மாறவில்லை. புதிதாக வந்திருப்பவர்கள் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா குடும்பங்கள். தோல், ஷூ வேலைக்கு முன்பு ஆண்கள் மட்டும் தனியாக வந்தார்கள். இப்போது மனைவி மக்களோடும் வருகிறார்கள்.

கீழே வரும் பையன் தனி ஒரு குழந்தை அல்ல. இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் திரும்பத் திரும்ப எழும் நிலைமைகளைச் சேர்த்து, ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசுவதற்காக அமைத்த நிகழ்வு இது. பெயரோ பள்ளியின் அடையாளமோ இதில் இல்லை.

நிலைமை

பையனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு, தமிழ் வழி. ஆகஸ்டில் சேர்ந்தான். அப்பா தோல் தொழிற்சாலையில் டிரம் பிரிவில் ஷிப்ட் வேலை. அம்மா வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைக்கிறார், ஜோடிக் கணக்கில் கூலி. வீட்டுப் பேச்சு போஜ்புரி. பீகாரில் மூன்றாம் வகுப்பு வரை இந்தியில் படித்தவன்.

டிசம்பரில் வகுப்பு ஆசிரியர் பதிவேட்டில் எழுதியது: “மெல்லக் கற்போர். கேள்விக்குப் பதில் இல்லை. பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான். சில சமயம் மரியாதையின்றிப் பேசுகிறான்.” முதல் வகுப்பில் உட்கார வைக்கலாமா என்று தலைமை ஆசிரியர் யோசிக்கிறார். வட்டார வள மையத்துக்குச் சொல்லி, கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரை வரவழைக்கலாம் என்பது இன்னொரு யோசனை.

இரண்டுமே நல்ல எண்ணத்தில் எழுந்தவை. இரண்டுமே அவசரம். பதிவேட்டில் உள்ள நான்கு வாக்கியங்களும் தமிழில் நடந்ததை மட்டும் பார்த்து எழுதியவை. பையனுக்கு என்ன தெரியும் என்பது அதில் எங்கும் இல்லை.

சேர்க்கையிலேயே தொடங்கிய சிக்கல்

விண்ணப்பத்தில் ‘தாய்மொழி’ என்ற இடத்தில் ‘இந்தி’ என்று எழுதியாயிற்று. அதே வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பலருக்கு ‘தமிழ்’ என்று இருக்கிறது, ஏனென்றால் அப்பா அலுவலகத்தில் தமிழில் பேசினார். பள்ளிக் கல்வித்துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏறிவிட்டால் அதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. ஒரு கேள்விக்குப் பதிலாக மூன்று கேட்க வேண்டும்: அம்மா பிள்ளையிடம் என்ன மொழியில் பேசுகிறார்? பிள்ளை அண்ணன் தங்கையிடம் என்ன பேசுகிறது? முதலில் எந்த எழுத்தைப் படித்தது? மூன்றுக்கும் மூன்று விடை வருவது இங்கே சாதாரணம். இவனுக்கு போஜ்புரி, போஜ்புரி, இந்தி.

பெயர் இன்னொரு தலைவலி. நம் பக்கத்தில் இனிஷியல் முன்னால், பெயர் பின்னால். ‘குமார்’, ‘தேவி’ என்று முடியும் பெயர்களைப் பார்த்ததும் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஆதாரில் இருக்கும் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அப்படியே பார்த்து எழுதி, அப்பாவிடம் வாசித்துக் காட்டி, பிறகுதான் பதிவேற்ற வேண்டும். இன்றைக்கு ஒரு எழுத்து மாறினால் உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் போய் இடிக்கும்.

டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்புவது இன்னும் நடக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி டி.சி. தாமதமாவது சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது. 14-ஆம் பிரிவு வயதுச் சான்று இல்லாததற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. 4-ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்குச் சமமாக வரச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. ஆகவே 9 வயதுப் பையனை முதல் வகுப்பில் உட்கார வைக்கும் யோசனை அங்கேயே முடிந்துவிடுகிறது. சட்டத்தை விட்டாலும், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பவன் தமிழ் கற்பதை விட வெட்கப்படுவதைத்தான் சீக்கிரம் கற்பான்.

உருது வழிப் பள்ளியில் சேர்த்தால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். வகுப்பில் பேசுவது ஓரளவு உடனே புரியும், அது உண்மை. ஆனால் உருது எழுத்து வலமிருந்து இடம். தேவநாகரி படித்தவன் அங்கேயும் முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு எந்த வழியில் படித்தாலும் தமிழ் பாடம் உண்டு. குடும்பம் தொடர்ந்து இங்கேயே இருக்கப் போகிறது என்றால் தமிழ் வழியே நல்லது என்பது எங்கள் எண்ணம். உருதுப் பள்ளி ஆசிரியரின் உதவி வேறு இடத்தில் தேவைப்படும்.

மொழியா, கற்றல் குறைபாடா?

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு காலை நேரம் போதும். வரிசையை மாற்றக்கூடாது.

முதலில் கண், காது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு இந்தப் பையனைப் பார்த்ததா, அன்று விடுப்பா என்று பதிவேட்டைப் பாருங்கள். சளி பிடித்து அடைத்த காதுக்கு எந்த மொழியும் புதுமொழிதான்.

இரண்டாவது, சொற்கள் இல்லாத கணக்கு. பலகையில் 47 − 19 என்று எழுதிச் சாக்பீஸைக் கையில் கொடுத்தால், கடன் வாங்கி 28 என்று போட்டுவிடுகிறான். அதையே ஆசிரியர் வாயால் கேட்டபோது நின்றுகொண்டிருந்தான். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் “தோ ஏக்கம் தோ, தோ தூனி சார்” என்று ராகத்தோடு பதினைந்தாம் வாய்ப்பாடு வரை போகிறான். இந்தியில் சொல்லட்டும், விடையைத் தமிழ்நாட்டு நோட்டில் எழுதட்டும். இரண்டும் ஒரே எண்தான்.

மூன்றாவது, தன் மொழியில் ஒரு படத்தைப் பார்த்துக் கதை சொல்வது. இதைக் கேட்டுச் சொல்ல அந்த மொழி தெரிந்த பெரியவர் வேண்டும். பக்கத்து உருதுப் பள்ளி ஆசிரியரோ, தொலைபேசியில் ஊரிலிருக்கும் அத்தையோ ஆகலாம். ஐந்தாம் வகுப்பு அண்ணனை வைத்துச் செய்யாதீர்கள், அவன் தம்பிக்குப் பதிலாகத் தானே சொல்லிவிடுவான். கேட்பவரிடம் மூன்று கேள்விகள்: கதை வரிசையாக வந்ததா? வாக்கியம் முழுமையாக இருந்ததா? இந்த வயதுப் பிள்ளை இப்படித்தான் பேசுமா?

நான்காவது, இந்திப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி. படிக்க வைத்து, கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பையன் நான்கிலும் தேறுகிறான். பிரச்சினை மொழிதான், பிள்ளையிடம் இல்லை. தன் மொழியிலும் வாக்கியம் அறுந்து, வாய்ப்பாடு நிற்காமல், படித்ததை மறந்து போகிறவன் என்றால் அன்றே வட்டார வள மையத்துக்குச் சொல்ல வேண்டும். “தமிழ் வரட்டும், பிறகு பார்ப்போம்” என்று தள்ளிப்போடுவது எதிர்ப்பக்கத் தவறு. அதுவும் நடக்கிறது.

வாய் திறக்காத மாதங்கள்

புது மொழிக்குள் வந்த பிள்ளை வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அந்த நேரத்தில் எழுப்பி நிறுத்தி “சொல்லு, சொல்லு” என்றால் அந்த மௌனம் நீளும். பக்கத்து நோட்டைப் பார்ப்பது திருட்டல்ல. என்ன செய்யச் சொன்னார்கள் என்று அவன் தெரிந்துகொள்ளும் ஒரே வழி அது.

முதல் வாரத்தில் அவனுக்குத் தேவை பாடமல்ல. “தண்ணி குடிக்கணும்”, “பாத்ரூம் போகணும்”, “புரியல”, “இன்னொரு தடவ சொல்லுங்க”, “வயிறு வலிக்குது”, “அவன் அடிக்கிறான்”. இப்படி இருபது வாக்கியங்கள். கடைசி பெஞ்சை விட்டு இரண்டாம் வரிசை ஓரத்துக்கு மாற்றுங்கள். ஆசிரியர் வாயும் தெரியும், பக்கத்துப் பிள்ளைகள் செய்வதும் தெரியும்.

அடுத்தது கட்டளைச் சொற்கள். எடு, திற, மூடு, கோடு போடு, வட்டம் போடு. ஒவ்வொன்றையும் சொல்லும்போது கையால் செய்து காட்டுங்கள், ஆனால் எல்லா நாளும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். ஒரு நாள் “வட்டமிடு”, மறுநாள் “சுழி”, அதற்கு மறுநாள் “ரவுண்ட் பண்ணு” என்றால் அவனுக்கு அது மூன்று வேலை.

மரியாதையின்றிப் பேசுகிறான் என்ற புகாருக்கு வருவோம். விளையாட்டு மைதானத்தில் அவன் கேட்கும் தமிழ் முழுக்க “வாடா, போடா, குடு”. அதை எடுத்துக்கொண்டு வந்து டீச்சரிடம் “இங்க வா” என்கிறான். அடக்கமில்லாத பையன் என்று பெயர் வாங்கிவிடுகிறான். இந்தியில் மரியாதைப் பேச்சு உண்டு, அவனுக்கும் தெரியும். தமிழில் அது வினையின் வாலில் எப்படி ஒட்டுகிறது என்று மட்டும் தெரியாது. “வா – வாங்க, குடு – குடுங்க, சொல்லு – சொல்லுங்க” என்று பத்து ஜோடிகளை ஒரு நாள் பழக்கினால் போதும்.

எழுத்து: எங்கே, ஏன் தடுக்குகிறது

247 எழுத்தையும் வரிசையாக மனப்பாடம் செய்ய வைப்பது வீண். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் முறை தேவநாகரி படித்தவனுக்கு ஏற்கெனவே தெரியும். துணை எழுத்து சில சமயம் முன்னால் வரும் என்பது கூட ஆச்சரியமல்ல, இந்தியில் குறில் இகரத்தின் குறி முன்னால்தான் வருகிறது. அவன் தடுக்கி விழுவது வேறு நான்கு இடங்களில்.

ஒன்று, புள்ளி. இந்தியில் சொல்லின் கடைசி எழுத்தில் உள்ள அகரத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் ‘பல’ என்பதை ‘பல்’ என்று படிப்பான், ‘அவன் வந்தான்’ என்பதை ‘அவன வந்தான’ என்று எழுதுவான். சிவப்பு மையில் சுழித்துக் ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. ‘பல – பல்’, ‘கல – கல்’, ‘மண – மண்’ என்று ஜோடியாக வைத்துக் காதால் பிரிக்கப் பழக்க வேண்டும்.

இரண்டு, ஒரே எழுத்துக்குப் பல ஒலி. ‘தம்பி’யில் வரும் பி-க்குத் தனி எழுத்து தேடுவான், கிடைக்காமல் பேனாவைத் தூக்கிக்கொண்டு நிற்பான். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின்னும் இரு உயிர்களுக்கு நடுவிலும் மென்மை: பம்பரம், பக்கம், பாகம், தங்கம். இவ்வளவுதான். ‘பஸ்’, ‘டீ’ போன்ற வந்த சொற்கள் இதற்குள் அடங்காது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். தெலுங்குப் பிள்ளைகளுக்கும் இதே இடத்தில்தான் உதவி வேண்டும்.

மூன்று, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும். இந்தி எழுத்தில் குறில் எ, ஒ இல்லை. ‘கெடு’வும் ‘கேடு’ம் அவனுக்கு ஒன்று. தெலுங்கில் இரண்டும் உண்டு, ஆகவே தெலுங்குப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்லலாம்.

நான்கு, ந-வும் ன-வும். காதுக்கு ஒன்றுதான். சொல் முதலிலும் ‘த’வுக்கு முன்னும் ந, மற்ற இடங்களில் கிட்டத்தட்ட எப்போதும் ன. இந்த ஒரு வரி பல மாதச் சிவப்பு மையை மிச்சப்படுத்தும்.

ழகரத்துக்கு அவனைக் குறை சொல்லவே முடியாது. தெருவில் “வாயப்பயம்” என்று கேட்டவன் ‘பயம்’ என்று எழுதுகிறான். அதே கதைதான் ‘கீது’வுக்கும். நண்பர்கள் “வீட்ல கீது” என்கிறார்கள், நோட்டில் ‘கீது’ என்று எழுதினால் அடிக்கிறோம். தமிழ்ப் பிள்ளையே இந்த இடைவெளியைத் தாண்டச் சில வருடம் எடுத்துக்கொள்ளும். பலகையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் ‘பேசுறது’, வலப்பக்கம் ‘எழுதுறது’ என்று வைத்து தினம் ஐந்து சொற்கள் எழுதினால் வகுப்பு முழுவதற்குமே பயன்.

கணக்குப் புத்தகத்திலிருக்கும் தமிழ்

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளையின் தரத்துக்கேற்பப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் இவனுக்கு ஏற்றவை, ஒரு நிபந்தனையோடு: தமிழுக்கு அரும்பு என்பதால் கணக்குக்கும் அரும்பு ஆகிவிடக்கூடாது. வகுத்தல் தெரிந்தவனிடம் மணி எண்ணச் சொல்வது அவமானம்.

கணக்கில் அவனை நிறுத்துவது பத்துப் பன்னிரண்டு சொற்கள்: மொத்தம், மீதம், ஒவ்வொரு, வீதம், சமமாக, பங்கிடு, அதிகம், குறைவு, மடங்கு, வித்தியாசம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி (+, −, ×, ÷), ஒரு சின்னப் படம், இந்திச் சொல். அரைப்பக்க அட்டை. கணக்குத் தேர்விலும் அதை மேஜையில் வைத்துக்கொள்ள விடுங்கள், தேர்வு தமிழுக்கல்ல. வாய்மொழி எண்களில் 90-ம் 900-ம் தனியாகப் பழக்க வேண்டியவை. “தொண்ணூத்தஞ்சு” என்றால் உள்ளே ‘நூறு’ கேட்கிறது, 105 என்று எழுதிவிடுவான்.

எவ்வளவு காலம் ஆகும்? பேச்சுமொழியையும் பாடமொழியையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் கனடாவில் எழுதினார். பேச்சு ஓரிரு ஆண்டில் வந்துவிடும், பாடமொழியில் மற்றவர்களுக்குச் சமமாக வர ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகும் என்பது பொதுவான கணிப்பு. அடுத்த டிசம்பரில் பையன் மைதானத்தில் சரளமாகச் சண்டை போடுவான். “தமிழ் வந்துவிட்டது, இனி உதவி வேண்டாம்” என்று அப்போதுதான் நிறுத்துவார்கள். அறிவியலில் ‘வேறுபடுத்துக’, ‘காரணம் கூறுக’ என்று வரும்போது மறுபடி விழுவான்.

அதே வகுப்பில் தக்கினியும் தெலுங்கும் வீட்டில் பேசும் பிள்ளைகள் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறார்கள். நன்றாகத் தமிழ் பேசுவதால் யாரும் அவர்களைக் கணக்கில் எடுத்ததில்லை. பீகார் பையனுக்காகச் செய்த சொல் அட்டையை அவர்கள் எட்டி எட்டிப் பார்த்தால், அவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுங்கள்.

வீட்டோடு பேசுவது

தமிழில் அச்சடித்த சுற்றறிக்கை இந்த வீட்டில் காகிதம் மட்டுமே. இந்தியில் அச்சடித்தாலும் அம்மாவுக்குப் படிக்க வராமல் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் 30 விநாடிக் குரல் செய்திதான் வேலை செய்யும்: ஒரு செய்தியில் ஒரு விஷயம், நாள், கிழமை, நேரம், என்ன கொண்டுவர வேண்டும். கைப்பேசி மொழிபெயர்ப்பை நம்பினால், வந்ததைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வாக்கியம் குட்டையாக இருந்தால் பிழை குறையும். எமிஸ், எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) போன்ற சுருக்கங்களை விட்டுவிடுங்கள்.

பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பள்ளிகளுக்கு மற்ற பல ஊர்களில் இல்லாத வசதி ஒன்று உண்டு. தக்கினி பேசும் அம்மாக்கள் பீகார்க் குடும்பத்தோடு நேரடியாகப் பேச முடியும். மொழிபெயர்ப்பாளரைத் தேடி மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருக்கும் பள்ளியின் வாசலில், பிள்ளையைக் கூப்பிட தினம் நாலு மணிக்கு அப்படியொரு ஆபா (அக்கா) வந்து நிற்கிறார். எல்லாம் சுலபமாகப் போகும் என்றல்ல. “நக்கோ” (வேண்டாம்), “ஹௌ” (ஆமாம்), “கைக்கு” (ஏன்) போன்ற தக்கினிச் சொற்கள் பீகார் அம்மாவுக்குப் புரியாது. முதல் சந்திப்பில் ஆபா “ஹௌ ஹௌ” என்று தலையாட்ட, எதிரே இருப்பவர் எதற்கு ஆமோதிக்கிறோம் என்று தெரியாமல் அவரும் ஆட்டுவார். “நான் சொன்னதை நீங்க சொல்லுங்க தீதி” என்று திருப்பிக் கேட்டு வாங்கினால்தான் கூட்டம் நடந்ததாக அர்த்தம்.

உதவ வருபவரிடம் முன்கூட்டியே மூன்று சொல்ல வேண்டும்: எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள், உங்கள் கருத்தைத் தனியாகச் சொல்லுங்கள், கேட்டதை வெளியே பேசாதீர்கள். மூன்றாவதை அழுத்திச் சொல்லுங்கள், ஒரே தெருக்காரர்கள். உடல்நலம், பணம், அடிதடி ஆகிய மூன்றிலும் பையனையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் மேல் வந்த புகாரை எந்தப் பிள்ளை முழுதாகச் சொல்லும்?

கூட்டத்தை அப்பாவின் ஷிப்டைக் கேட்டு வையுங்கள். அம்மாவுக்கு ஜோடிக் கூலி, அரை நாள் போனால் அரை நாள் காசு போனது. “டி.சி.” என்ற சொல்லைப் போகிறபோக்கில் சொல்ல வேண்டாம், பையனை நீக்குகிறார்கள் என்று பயந்து மறுநாளிலிருந்து அனுப்பாமல் விடுவார்கள். “வீட்டிலும் தமிழே பேசுங்கள்” என்ற அறிவுரையும் வேண்டாம். அம்மாவுக்கு அரைகுறையாய்த் தெரிந்த மொழியில் பேசினால் வீட்டில் பேச்சே குறையும். இரவில் இந்தியிலோ போஜ்புரியிலோ கதை சொல்லட்டும், அது தமிழைத் தடுக்காது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய நிலையிலிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிய விகிதத்தில் இடம் தரச் சட்டம் சொல்கிறது. வெளிமாநில அம்மா ஒருவரைச் சேர்ப்பதானால் ஆபாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் அது கையெழுத்துக்கான இடம்.

இடையில் ஊருக்குப் போனால்

தீபாவளிக்கு ஆறு நாள் கழித்துச் சத் பூஜை, மார்ச் வாக்கில் ஹோலி. ரயில் டிக்கெட், திருமணம், அறுவடை என்று மூன்று நான்கு வாரம் பையன் வரமாட்டான். இதை ‘நீண்ட விடுப்பு’ என்று பதிவு செய்து எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான எமிஸ் பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டால், திரும்பி வந்தபின் மீட்க ஒரு வாரம் ஆகும். கிளம்பும் முன்பே எப்போது திரும்புவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும்போது வாரம் ஒரு குரல் செய்தி: ஐந்து சொற்கள், ஒரு கணக்கு. அவனும் குரலில் பதில் சொல்லட்டும்.

ஒரேயடியாகக் கிளம்பிவிடுவதும் உண்டு, சொல்லாமல் கொள்ளாமல். அதனால் ஒவ்வொரு பருவ முடிவிலும் ஒரு பக்கத் தாள் தயாராக இருக்கட்டும். எமிஸ் எண், யூடைஸ் (நாடு தழுவிய பள்ளிப் பதிவு) நிரந்தர எண், படித்த வகுப்பு, கணக்கில் எதுவரை, தமிழில் எந்த நிலை, இந்தி படிக்க வருமா, கண் காது பார்த்தாயிற்றா, பள்ளித் தொலைபேசி. ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள், பாட்னாவிலும் திருப்பூரிலும் படிக்க முடிய வேண்டும். ‘மெல்லக் கற்போர்’ என்ற சொல் அதில் வேண்டாம். தாள் பெட்டிக்குள் போய்க் கசங்கும், தொலையும். கொடுக்கும்போதே அம்மாவின் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.